பழைய செங்கல் கிட்டங்கியைச் சிறு வீடாக்கும்போது எதிலிருந்து தொடங்குவது?

கும்பகோணம் வட்டாரத்தில் உங்கள் தாத்தா காலத்து நெல் கிட்டங்கி உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. உள்ளளவு 24 அடிக்கு 12 அடி, உயரம் 12 அடி, சுவர் ஒன்றரைச் செங்கல் கனம், மேலே கூரையாக மெட்ராஸ் டெரஸ் தளம் (மரச்சட்டங்களின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் கொண்டு போட்டது), நீளச் சுவர் ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலே இரண்டு சிறு ஜன்னல்கள். கடைசிச் சில ஆண்டுகள் அதில் உர மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்ததாகவும், ஓய்வுபெற்ற பெற்றோர் இருவருக்கும் அதை வீடாக்க நினைப்பதாகவும், கொத்தனார் இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடிக்காமல் முடியுமா, பரண் போட்டுப் படுக்கை வைக்கலாமா, பிற்காலத்தில் மாடி எடுக்கலாமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

நீங்கள் சொன்ன அளவுகளையும் படங்களில் தெரியும் சுவர்களையும் வைத்துப் பார்த்தால் இடிக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இது சுண்ணாம்பால் கட்டப்பட்ட கட்டடம்; ஈரத்தை உள்ளே வாங்கி, காற்றில் வெளியே விட்டு, அப்படியே இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் வேலை செய்ய நீங்கள் தயார் என்றால் கட்டடம் உங்கள் பெற்றோர் காலத்தையும் தாண்டி நிற்கும். சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் ஒட்டிப் புது வீடுபோல ஆக்குவதுதான் திட்டம் என்றால், கொத்தனார் சொன்னபடி இடித்துவிடுவது மேல். அவர் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு. பழைய சுவரில் சிமெண்ட் பூசி, இரண்டு மழைக்குள் பொரிந்து விழுந்த வீடுகளை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

முதலில் சுவரை அறிந்துகொள்ளுங்கள். பூச்சு பெயர்ந்திருக்கும் இடத்தில் இரண்டு செங்கலுக்கு நடுவிலிருந்து நெல்லிக்காய் அளவு சாந்தைத் தோண்டி எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஓர் இரவு விடுங்கள். கரைந்து சேறாகிவிட்டால் அது மண் சாந்து. கட்டியாகவே கிடந்தால் சுண்ணாம்புச் சாந்து. நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் வெளி இணைப்புகளில் மட்டும் சுண்ணாம்பும் உள்ளே மண்ணும் இருப்பதுண்டு. ஆகவே மேலாகச் சுரண்டி எடுக்காமல் மூன்று நான்கு அங்குல ஆழத்திலிருந்து, அதுவும் பல இடங்களில் எடுத்துப் பாருங்கள். பிறகு தூக்குக்குண்டை நான்கு மூலைகளிலும் விட்டுப் பாருங்கள். பத்தடி உயரத்தில் ஓர் அங்குலத்துக்குமேல் சாய்வோ நடுச்சுவரில் வயிறு தள்ளலோ தெரிந்தால், மேற்கொண்டு எதையும் செய்யும் முன் பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். மண் சாந்தும் வயிறு தள்ளலும் சேர்ந்திருந்தால் அந்தச் சுவரை மட்டும் பிரித்து, அதே செங்கலைக் கொண்டு சுண்ணாம்பில் திரும்பக் கட்டுவதே நல்லது.

விரிசல்களைப் பார்த்தவுடன் அடைத்துவிடாதீர்கள். டெல்டாக் களிமண் மழையில் பருத்து, கோடையில் சுருங்கும். அதனால் சித்திரையில் திறக்கும் விரிசல் கார்த்திகையில் மூடிக்கொள்வதுண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சாந்து வைத்துப் பதித்துத் தேதி எழுதி விடுங்கள். மழையும் கோடையும் கடந்த பிறகும் கண்ணாடி உடையாமல் இருந்தால் அது பழைய, நின்றுபோன விரிசல். உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது என்று பொருள். அப்போது மூலைகளில் இரண்டடி அகலக் குழி ஒவ்வொன்றாகத் தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். சுவரின் நீளம் முழுவதையும் ஒரே நேரத்தில் தோண்டித் திறந்துவிடக் கூடாது.

இனி ஓதம், அதாவது மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் சுவருக்குள் புகும் ஈரம். பணத்தில் பெரும் பகுதி எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால், மண்ணுக்கும் தளத்துக்கும் என்பேன். சமையலறை மேடையும் அலமாரியும் மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர்களில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. கட்டும்போது வாசலுக்குக் கீழே இருந்த தரைமட்டம் இன்று உள்தரைக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். அந்த மண் சுவரில் சாய்ந்து நிற்கும்வரை உள்ளே என்ன மருந்து அடித்தாலும் பயன் இல்லை. ஆகவே சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண்ணை வெட்டி, உள்தரைக்கு ஆறு முதல் ஒன்பது அங்குலம் கீழே கொண்டுவந்து, வெளிப்புறமாகச் சரிவு கொடுங்கள். சுவரை ஒட்டிய ஓரடிக்குச் சல்லி மட்டும் பரப்புங்கள். சிமெண்ட் தளம் போட்டு மூடினால் மண்ணில் உள்ள ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் வழியாகவே ஏறும். தெரு உயரமாக இருக்கும் பக்கத்தில் மூன்றடி தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும்.

உர மூட்டை அடுக்கியிருந்தது என்று நீங்கள் எழுதியது முக்கியமான செய்தி. உரத்தின் உப்பு செங்கலுக்குள் ஊறியிருக்கும். ஈரம் ஏறும்போது உப்பு கரைந்து, சுவர் காயும் இடத்தில் துகளாகப் படியும்; அந்தத் துகள் செங்கலின் நுண்துளைக்குள் வளரும்போது செங்கலின் முகத்தையே உடைத்துத் தள்ளும். கீழ் மூன்றடியில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பூப்பும் பொரிவும் இதுதான். இதை மறைக்க நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது எங்கும் நடக்கிறது. ஒட்டினால் ஈரம் ஐந்தாவது அடியில் வெளிவரும். நான் சொல்வது வேறு வழி. பழைய சிமெண்ட் பூச்சு இருந்தால் பிரேக்கர் வைக்காமல் உளியால் மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். இணைப்புகளில் உதிரும் சாந்தை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, நார்த் தூரிகையால் உலர்வாகத் துலக்குங்கள். தண்ணீர் பீய்ச்சினால் உப்பு உள்ளே திரும்பிப் போகும். பிறகு கீழ்ப்பகுதிக்கு மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்று கொடுங்கள். இந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தானே பொரியும். சில ஆண்டுகளில் அதைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். செங்கலைக் காப்பதற்காகக் கொடுக்கும் பலி அது என்று எண்ணிக்கொண்டால் அந்தச் செலவு உறுத்தாது.

பூச்சுக்கும் இணைப்புக்கும் ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவை போதும். அந்த மூன்றில் ஒரு பங்கைச் சுர்க்கியாக, அதாவது நன்றாகச் சுட்ட செங்கலை இடித்துச் சலித்த தூளாக மாற்றிக்கொண்டால் ஈரமான இடத்திலும் இறுகும். சுண்ணாம்பைக் குழியில் நீற்றிக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும்; அரைகுறையாக நீறிய கட்டிகள் பூச்சுக்குள் போனால் பிறகு வீங்கிக் கொப்பளமாக வெடிக்கும். நீற்றும்போது சூடு பொங்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் சித்தாள்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வாரமாவது ஈரத்துணி கட்டி மெதுவாகக் காயவிட வேண்டும். அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை அடிக்கலாம். பிளாஸ்டிக் வண்ணப்பூச்சும் வால் புட்டியும் இந்தச் சுவருக்கு வேண்டாம்.

தரைக்கும் இதே நியாயம்தான். பிளாஸ்டிக் தாள் விரித்து அதன்மேல் கான்கிரீட் போட்டால் தரைக்கடியில் உள்ள ஈரம் முழுவதும் சுவரை நோக்கித் தள்ளப்படும். பழைய தரையை எடுத்துவிட்டு, சல்லி, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் சுட்டமண் தரை ஓடு என்று அமைத்தால் தரையும் மூச்சுவிடும், வெயில் காலத்தில் காலுக்கும் குளிர்ச்சியாக இருக்கும். தரையைத் திறந்திருக்கும்போதே சுவரும் தரையும் சேரும் கோட்டில் கறையான் மருந்தைச் செலுத்திவிடுங்கள். பிற்பாடு அதற்காகத் தரையைத் துளைக்க வேண்டியிருக்காது.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கட்டடத்தின் பெருமதிப்பு அதில்தான் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்பது ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டங்களை வைத்து, அவற்றின்மேல் ஆறுக்கு மூன்றுக்கு ஓர் அங்குலம் அளவுள்ள மெல்லிய தளச்செங்கலைச் செங்குத்தாக, சட்டத்துக்குக் கோணல்வாக்கில் அடுக்கி, சுண்ணாம்பில் பிணைத்து, அதன்மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு எனப்படும் தட்டையான சுட்டமண் ஓட்டைப் பதிப்பது. அடிக்க அடிக்கக் காரைக்குள் இருக்கும் காற்று வெளியேறி அது கல்லாகும். இந்தத் தளம் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். புதிதாகப் போட இன்று பெருஞ்செலவாகும் என்பதால், இருப்பதைக் காப்பாற்றுவதே லாபம்.

தேக்குச் சட்டம் நடுவில் கெடுவது அரிது. சுவருக்குள் போகும் நுனிதான் முதலில் உளுக்கும், ஏனென்றால் தளத்தின் ஓரத்தில் இறங்கும் மழைநீர் அங்கேதான் தேங்கும். ஒவ்வொரு சட்டத்தின் இரு நுனியையும் குத்தூசியால் குத்திப் பாருங்கள்; ஊசி கால் அங்குலம்கூட இறங்காவிட்டால் நல்ல மரம். உங்கள் தளத்தில் பதினைந்து, பதினாறு சட்டங்கள் இருக்கும். அவற்றில் மூன்று நான்கின் நுனி மட்டும் உளுத்திருந்தால், இருபுறமும் இரும்பு சேனல் வைத்துப் போல்ட் போட்டு முறுக்கி, சேனலின் முனையைச் சுவரில் தாங்கச் செய்யலாம்; கீழே முட்டு கொடுத்தபின் ஒரு நேரத்தில் ஒரு சட்டத்தை மட்டுமே தொட வேண்டும். பாதிக்குமேல் உளுத்திருந்தால் தளத்தைக் கழற்றிவிட்டு, கைமரமும் ரீப்பரும் வைத்து மங்களூர் ஓடு போடுவதே நேர்மையான தீர்வு. சுமை வெகுவாகக் குறையும். பழைய சுவருக்கும் அது நல்லது.

மேலே ஏறி வேறொன்றையும் பார்க்க வேண்டும். ஒழுகும்போதெல்லாம் முன்பிருந்தவர்கள் பழைய தட்டோட்டின்மேலேயே இன்னொரு அடுக்குக் காரை போட்டிருப்பார்கள். ஓர் அங்குலக் காரை சதுர அடிக்கு நான்கு கிலோவுக்குமேல் எடை. உங்கள் 288 சதுர அடியில் இரண்டு அங்குலம் கூடினால் ஏறத்தாழ இரண்டரை டன் அந்தச் சட்டங்களின்மேல் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மேலடுக்கை உளியால் எடுத்துவிட்டு, அடியிலுள்ள பழைய காரையைப் பழுதுபார்த்து, சரிவைச் சரிசெய்து, தட்டோட்டைச் சுண்ணாம்பு-சுர்க்கிச் சாந்தில் திரும்பப் பதியுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அரச மரக் கன்று முளைத்திருந்தால் பிடுங்கி இழுக்காமல், சுற்றியுள்ள செங்கலைப் பிரித்து வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தள வேலைக்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை. தண்ணீர்த் தொட்டியை இந்தத் தளத்தில் வைக்கவே கூடாது. ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதைப் புதிதாகக் கட்டும் பகுதியின்மேல் வையுங்கள்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன்படி, நம்முடையதுபோன்ற ஈர வெப்பப் பகுதியில் வசிக்கும் அறையின் ஜன்னல் திறப்பு, கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். கிட்டங்கி ஜன்னல்களுக்கு அது வராது. இங்கேதான் பலர் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் நீளச் சுவர்கள் இரண்டும்தான் தளத்தின் சுமையைத் தாங்குகின்றன; அவற்றில் அகலத்தைக் கூட்டினால் மேலே உள்ள வளைவு அறுபடும். அகலத்தை அப்படியே விட்டுவிட்டு, ஜன்னலின் அடிப்பகுதியை மட்டும் கீழே இறக்குங்கள். மேலே இருக்கும் செங்கல் வளைவைத் தொடாததால் சுமை இறங்கும் வழி மாறாது. திறப்புக்கு மேலே சுமை தாங்க வைக்கும் விட்டமான லிண்டலும் புதிதாகத் தேவைப்படாது. நீங்கள் குறிப்பிட்ட ஜன்னல் மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம்; அடிமட்டம் தரையிலிருந்து ஆறடியில் இருக்கிறது. அதை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு ஜன்னலும் மூன்றுக்கு ஆறரை அடியாகி, 19½ சதுர அடி திறப்பு கிடைக்கும். கட்டிலில் படுத்திருப்பவர் உடம்பில் காற்று படும் உயரமும் அதுவே. இன்னும் இறக்கிக் கதவாக்கிவிட வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே நிற்கும் அந்த இரண்டடிச் சுவர், இரு பக்கச் சுமையையும் களிமண்ணில் சீராகப் பரப்பிக் கொடுக்கிறது. நான்கு ஜன்னல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள்; ஒன்றின் ஓரங்களைக் கட்டி முடித்து, அது இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இந்த அளவில் நான் போடும் வரைபடம் எளிமையானது. வாசல் இருக்கும் குறுக்குச் சுவர்ப் பக்கத்தில் 10 அடிக்கு 12 அடி படுக்கையறையை வைத்தால் வாசல் அடைபடும். ஆகவே வாசல் பக்கம் கூடம் வரட்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வாசலை இப்போதிருக்கும் இடத்திலிருந்து மாற்றி, எதிர்க் குறுக்குச் சுவரில் புதிதாக ஒரு திறப்பு வைத்துக்கொண்டு, அதை ஒட்டிப் புதிய பகுதியைக் கட்டினால் எல்லாம் சீராக அமையும். கூடமும் பழைய கட்டடத்துக்குள் அந்தப் பக்கமே வரும். பழைய வாசலை அடைத்து அகன்ற ஜன்னலாக்கினால் படுக்கையறைக்கு மூன்று பக்கக் காற்று கிடைக்கும். கூடம் 13½ அடிக்கு 12 அடி, அதாவது 162 சதுர அடி. அதற்கு 27 சதுர அடி திறப்பு வேண்டும், இரண்டு ஜன்னல்களில் 39 கிடைக்கிறது. படுக்கையறை 120 சதுர அடி. அதற்கு 20 போதும். நடுவில் செங்கல் தடுப்பு எழுப்பாதீர்கள். ஏழடி உயர மர அலமாரிகளை முதுகோடு முதுகாக நிறுத்தினால் அதுவே தடுப்பும் ஆகும், சாமான் வைக்கவும் இடம் கிடைக்கும், மேலே காற்றும் ஓடும்.

குறுக்குச் சுவர்களில் தளத்தின் சுமை அதிகம் இல்லை என்பதால் புதுத் திறப்புக்கு அதுவே பாதுகாப்பான இடம். அதையும் சுவரின் பாதிக் கனத்தை முதலில் குடைந்து லிண்டலை ஏற்றி, அது இறுகிய பிறகு மறுபாதியைக் குடைய வேண்டும். லிண்டல் இருபுறமும் எட்டு அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும்.

சமையலறை, குளியலறை இரண்டையும் பழைய சுவர்களுக்குள் கொண்டுவராமல், அந்தக் குறுக்குச் சுவரை அடுத்து, அதே அகலத்தில், 7½ அடி ஆழத்தில் புதிதாகக் கட்டுங்கள். 8 அடிக்கு 7½ அடி சமையலறையும், நாலே கால் அடிக்கு 7½ அடி குளியலறை-கழிவறையும் வரும்; வெளியே போகும் வாசல் சமையலறை வழியாகவோ சிறு நடை வழியாகவோ அமையலாம். நடை வேண்டுமென்றால் புதிய பகுதியை நான்கடி நீட்டிக்கொள்ளுங்கள், வயதானவர்கள் வீட்டுக்கு நடை வைப்பதையே நான் விரும்புவேன். புதிய பகுதிக்குத் தனி அஸ்திவாரம் வேண்டும். புதுச் சுவரைப் பழைய சுவரில் பல் வெட்டிக் கோக்கக் கூடாது. புது அஸ்திவாரம் முதல் சில ஆண்டுகள் இறங்கும், கோத்திருந்தால் பழைய சுவரையும் இழுத்துக் கிழிக்கும். ஓர் அங்குல இடைவெளி விட்டு, அமுங்கும் பொருளால் நிரப்பி, மேலே தகட்டால் மூடுங்கள். குழாய்கள் எல்லாம் இந்தப் பகுதியோடு நின்றுவிட்டால் பழைய சுவருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஓடாது. இரு பகுதிக்கும் தரைமட்டம் ஒன்றாக, படியே இல்லாமல் இருக்கட்டும். குளியலறைக் கதவும் மூன்றடி அகலம் இருக்கட்டும்.

மின்கம்பிக்காகப் பழைய சுவரில் குறுக்காகக் காடி வெட்ட விடாதீர்கள். குழாயைச் சுவரின் மேலேயே ஓட்டுங்கள். ஈரம் ஏறும் சுவர் என்பதால் மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியும் நல்ல எர்த்தும் தவிர்க்க முடியாதவை. கட்டடத்துக்கு வணிக இணைப்பு இருந்தால் அதை வீட்டு இணைப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும். பயன்பாட்டை மாற்றுவதற்கும் புதிய பகுதிக்கும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உள்ளாட்சியின் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பரணைப் பற்றி: படுக்கைக்கு இந்த உயரம் போதாது. பரணாகிய இடைத்தளத்தின் மேலும் கீழும் தலா 2.2 மீட்டர் (ஏறத்தாழ ஏழே கால் அடி) உயரம் வேண்டுமானால் மொத்தம் பதினான்கரை அடிக்குமேல் தேவை; உங்களிடம் 12 அடிதான் இருக்கிறது. கூடவே, கோடை இரவில் தளத்துக்கு மூன்றடி கீழே படுப்பவருக்குத் தூக்கம் வராது. ஏழரை அடி உயரத்தில், அலமாரிகளின்மேல் தாங்கும்படி, பாத்திரமும் பாயும் வைக்க ஒரு பரண் போட்டுக்கொள்ளுங்கள்; அதன் விட்டங்களைப் பழைய சுவரில் செருக வேண்டாம்.

மாடி எடுப்பதற்கு என் பதில் முடியாது என்பதே. சுண்ணாம்புச் சாந்துச் சுவர் தன்மீதுள்ள தளத்தைத் தாங்குவதற்கென்று கட்டப்பட்டது. இன்னொரு தளமும் சுவரும் ஏறினால் எந்தக் களிமண்ணில் அது நிற்கிறதோ அந்தக் களிமண்ணே இடம் கொடுத்துவிடும். பிற்காலத்தில் இடம் தேவைப்படும் என்று இப்போதே தோன்றினால், புதிதாகக் கட்டும் சமையலறைப் பகுதியைத் தூண்களோடு, மேலே ஓர் அறை வரும் கணக்கில் கட்டிவிடுங்கள். படிக்கட்டும் அந்தப் பக்கமே ஏறட்டும்.